முழு பிபிஇ கிட் போட்டும் நர்ஸுக்கு எப்படி தொற்று வருது?

நீங்க கேட்டது இதான்: தங்கச்சி கோவிட் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், தினமும் முழு பிபிஇ கிட் (கவுன், க்ளவுஸ், மாஸ்க், கண்ணாடின்னு உடம்பை மூடற பாதுகாப்பு உடை) போட்டுட்டுதான் உள்ள போனாங்க, அப்படியும் பாசிடிவ் ஆயிடுச்சு, மேல இருக்கிறவங்க "நீ ஒழுங்கா போட்டிருக்க மாட்ட"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க, அது இத்தனை வருஷம் ஆகியும் அவங்க மனசுல முள்ளா குத்திட்டே இருக்கு, நிஜமாவே அது அவங்க தப்பா, இல்ல கிட்டே சரியில்லையா?

நான் ஐசியூல பல வருஷம் ஸ்டாஃபா இருந்துட்டு அப்புறம் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் நர்ஸா மாறினவ. கிட் எப்படி போடணும் எப்படி கழட்டணும்னு சொல்லிக்கொடுக்கறதுதான் என் வேலையே. அந்த டைம்ல நானும் உள்ள நின்னவதான். கேள்வியைப் படிச்சதும் தொண்டை அடைச்சிடுச்சு, ஏன்னா இதே பேச்சை எத்தனை ஸ்டாஃப் வாங்கிக்கிட்டு வாய் திறக்காம வீட்டுக்குப் போனாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், தங்கச்சிக்கும் படிச்சுக் காட்டுங்க.

பிபிஇயை எல்லாரும் டிரஸ் மாதிரி நினைச்சுக்கறாங்க, போட்டாச்சு, அவ்ளோதான்னு. ஆனா கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடற மாதிரி, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல சொருகின ட்யூப்) டிரஸ்ஸிங் மாத்தற மாதிரி அதுவும் ஒரு புரொசீஜர்தான். அதுக்கு தனி இடம் வேணும், டைம் வேணும், பக்கத்துல பாத்துக்க ஒரு ஆள் வேணும், முகத்துக்குப் பொருந்தற மாஸ்க் வேணும். இதுல ஒண்ணு இல்லேன்னாலும் கிட் கையில இருந்தும் புண்ணியம் இல்ல. இது எதுவும் தனியா ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கையில இருக்கிற விஷயம் கிடையாது, வார்டை நடத்தறவங்க கையில இருக்கிறது. உங்க தங்கச்சிகிட்ட "எப்படி போட்ட"ன்னு கேட்டவங்க, "எப்படி கழட்டின, கழட்டறப்ப யார் கூட இருந்தாங்க"ன்னு கேட்டாங்களா? கண்டிப்பா கேட்டிருக்க மாட்டாங்க. ஆபத்து பெரும்பாலும் அங்கதான் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. போடும்போது கை சுத்தம், கிட் புதுசு, டியூட்டி ஆரம்பம், உடம்புல தெம்பு இருக்கு, மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கு. கழட்டும்போது எல்லாமே தலைகீழ். ஆறு மணி நேரம் நின்னிருக்காங்க, தண்ணி குடிக்கல, கண்ணுல வேர்வை இறங்குது, மூக்கு மேல மாஸ்க் கம்பி அழுத்தின இடம் எரியுது, எப்படா இதைப் பிச்சு எறிவோம்னு இருக்கும், அந்த நேரத்துல பார்த்து கவுன் முன்பக்கம், க்ளவுஸ் வெளிப்பக்கம், ஷீல்டோட முன்பக்கம் எல்லாம் அழுக்கு. போடும்போது தப்பு பண்ணா திரும்ப போட்டுக்கலாம். கழட்டும்போது தப்பு பண்ணா பண்ணதுதான்.

நான் கிளாஸ் எடுக்கும்போது ஒண்ணு பண்ணுவேன். யூவி லைட்ல மட்டும் ஒளிரற ஒரு லோஷன் இருக்கு, அதை க்ளவுஸ் மேலயும் கவுன் நெஞ்சுப் பக்கமும் தடவி விட்டுடுவேன். அப்புறம் "சரிம்மா, இப்ப கழட்டு"ன்னு சொல்லுவேன். பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ள சிஸ்டரும் கழட்டுவாங்க, நேத்து சேர்ந்த பொண்ணும் கழட்டும். ரூம் லைட்டை அணைச்சுட்டு யூவி டார்ச்சை அடிப்பேன். மணிக்கட்டுல ஒரு வளையம் மாதிரி ஒளிரும், அது க்ளவுஸ் ஓரம் உருண்ட இடம். கழுத்துக்குப் பின்னாடி ரெண்டு விரல் ரேகை, அது கவுன் முடிச்சை அவிழ்த்தப்ப. ஒரு தடவை ஒரு பொண்ணோட காதுமடல்ல பளிச்சுனு ஒரு புள்ளி, முடியை ஒதுக்கிவிட்டது அதுக்கே ஞாபகம் இல்ல. அந்த இருட்டுல அது தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னது இன்னும் என் கண்ணுல நிக்குது. அலட்சியமா கழட்டின பொண்ணு இல்ல அது, ரொம்ப கவனமா கழட்டின பொண்ணு.

இது நான் மட்டும் பார்த்த விஷயம் இல்ல. 2015ல அமெரிக்காவுல நாலு ஆஸ்பத்திரிகள்ல வேலை பார்த்த ஊழியர்களை வெச்சு இதே மாதிரி ஒளிரற லோஷனைப் போட்டு 435 தடவை கழட்ட வெச்சுப் பார்த்தாங்க, அதுல 46 சதவீதத்துல தோலுலயோ டிரஸ்லயோ ஒட்டிடுச்சு. கிட்டத்தட்ட பாதி. முறைப்படி கழட்டாதவங்களுக்கு இன்னும் அதிகமா ஒட்டிச்சு, ட்ரெயினிங் கொடுத்ததும் நல்லாவே குறைஞ்சுது. அதாவது, ஒரு ஆஸ்பத்திரியில தினமும் வேலை பாக்கறவங்களே, நிதானமா, நோயாளி இல்லாத ரூம்ல கழட்டினாலே இந்த நிலைமை. கோவிட் டைம்ல ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் பாத்துட்டு நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கழட்டினா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க.

கழட்டற வரிசையை சுருக்கமா சொல்றேன், இதுல ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. அதிக அழுக்கு முதல்ல, முகம் கடைசில, அதுதான் அடிப்படை. முதல்ல க்ளவுஸ், அடுத்து கவுன், இல்லேன்னா க்ளவுஸும் கவுனும் சேர்த்து ஒரே இழுப்புல, உள்பக்கம் வெளியில வர மாதிரி சுருட்டி. அப்புறம் கை. அப்புறம் காகிள்ஸோ ஷீல்டோ, பின்னாடி இருக்கிற பட்டையைப் பிடிச்சு, முன்பக்கத்தைத் தொடாம. மாஸ்க் மட்டும் ரூமை விட்டு வெளிய வந்து கதவைச் சாத்தினப்புறம்தான், கீழ் பட்டை முதல்ல, மேல் பட்டை அடுத்து, முன்பக்கத்துல விரலே படக்கூடாது. நடுநடுவுல கையில ஏதாச்சும் பட்டுச்சுன்னு தோணினா நிறுத்திட்டு ஹேண்ட் ரப் (கையில தேய்க்கற சானிடைசர்), கடைசியா கண்டிப்பா ஒரு தடவை. ஹேண்ட் ரப்னா 20லேர்ந்து 30 செகண்ட் தேய்க்கணும், சோப்பு தண்ணின்னா 40லேர்ந்து 60 செகண்ட். கூட்டிப் பாருங்க, இதை நிதானமா பண்ணா எவ்ளோ நேரம் ஆகும்னு. வெளிய நாலு பேர் அடுத்து கழட்ட க்யூவுல நிக்கறாங்க, உள்ள போக வேண்டிய அடுத்த ஷிஃப்ட் "சிஸ்டர் சீக்கிரம்"ங்கறாங்க, ஒரே ரூம்ல ஒரு ஓரத்துல போடறாங்க இன்னொரு ஓரத்துல கழட்டறாங்க. நான் பார்த்த ஒரு இடத்துல டாஃபிங் ரூம், அதாவது கழட்டற ரூம்னு சொன்னது லிஃப்ட் பக்கத்துல ஒரு திரை, அவ்ளோதான்.

இன்னொண்ணு, கவரால். தலைலேர்ந்து கால் வரைக்கும் மூடற அந்த ஜிப் வெச்ச சூட்டைப் பார்த்தா ரொம்ப சேஃப்னு தோணும், ஜனங்களும் ஃபோட்டோல அதைத்தான் பார்த்தாங்க. ஆனா கவுனை விட கவராலைக் கழட்டறது ரொம்ப கஷ்டம், தோளைக் குலுக்கி, கையை உருவி, இடுப்புக்குக் கீழ தள்ளி, பூட்ஸோட சேர்த்து மிதிச்சு எடுக்கணும், பேலன்ஸ் தப்பி சுவத்தைப் பிடிச்சவங்க எத்தனையோ பேர். இதுல பயத்துல க்ளவுஸை கவராலோட டேப் போட்டு ஒட்டிக்கறது வேற. ஒட்டும்போது மனசுக்கு தைரியமா இருக்கும், பிய்க்கும்போது அந்த இழுப்புல சூட்டே கிழியும், கை துள்ளி முகத்துல படும். 2020ல காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற குழு, பிபிஇ பத்தி வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து வெளியிட்ட அறிக்கையிலயும் இதான் இருந்துச்சு: அதிகமா மூடற சூட் பாதுகாப்பு கூடுதலா தந்தாலும் போட கழட்ட கஷ்டம், க்ளவுஸையும் கவுனையும் சேர்த்து ஒரே ஸ்டெப்ல கழட்டினா ஒட்டறது குறையலாம், அப்புறம் நான் பத்து தடவை சொல்ல ஆசைப்படறது, கழட்டும்போது யாராவது வாய்விட்டு ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லிட்டே இருந்தா தப்பு குறையுது. "இப்ப கை தேய், இப்ப ஷீல்ட், பின்னாடி பட்டையைப் பிடி, முகத்துக்கிட்ட போகாத." இவ்ளோதான் வேலை. இதுக்கு மெஷின் வேண்டாம், ஒரு மனுஷர் போதும். அந்த ஒரு மனுஷரைத்தான் பல வார்டுல போடல.

அடுத்து "நீ ஒழுங்கா போட்டிருக்க மாட்ட"ங்கற அந்தப் பேச்சுக்கு வரேன். இதே பேச்சு 2014லயே உலகமே பார்க்க நடந்திருக்கு. அந்த வருஷம் அக்டோபர்ல அமெரிக்காவுல டல்லஸ்ல ஒரு எபோலா நோயாளியைப் பார்த்துக்கிட்ட நர்ஸுக்கு தொற்று வந்துச்சு, ரெண்டு மூணு நாள்ல இன்னொரு நர்ஸுக்கும். சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையம்) தலைவர் உடனே வெளிய வந்து புரோட்டோகால் மீறல் நடந்திருக்குன்னு சொன்னார். நர்ஸுங்க கொதிச்சுப் போனாங்க, எங்களுக்கு எந்த ட்ரெயினிங் கொடுத்தீங்க, கழுத்து திறந்து கிடக்கற கவுனைத்தான கொடுத்தீங்கன்னு. அடுத்த நாளே அவர், தான் சொன்னது நர்ஸைக் குறை சொன்ன மாதிரி ஆகியிருந்தா வருத்தப்படறேன்னு சொன்னார். அந்த மாசம் 20ஆம் தேதி சிடிசி வழிமுறையையே மாத்திட்டாங்க: தோல் துளிகூட வெளிய தெரியக்கூடாது, நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்ப பயிற்சி எடுத்துக் கைவந்திருக்கணும், போடும்போதும் கழட்டும்போதும் பயிற்சி பெற்ற ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கணும். பாருங்க, முதல்ல ஆள் மேல பழி, எட்டு நாள் கழிச்சு ரூல் புக்குலயே ஓட்டைன்னு தெரிஞ்சுது. ரெண்டு நர்ஸும் பிழைச்சுட்டாங்க, அது ஒரு நல்ல விஷயம்.

இதுக்கு முன்னாடி 2003ல சார்ஸ் வந்தப்பவும் மொத்தம் 8,000 சொச்சம் பேருக்கு வந்ததுல அஞ்சுல ஒருத்தர் ஆஸ்பத்திரி ஊழியர். கனடாவுல டொரண்டோவுல ரெண்டு நர்ஸுங்க செத்துப் போனாங்க. அதை விசாரிச்ச ஆணையம் 2006 கடைசியில கொடுத்த அறிக்கையில சொன்னது, நோய் எப்படி பரவுதுன்னு அறிவியல் முழுசா நிரூபிக்கற வரைக்கும் காத்திருக்காம, சந்தேகம் இருந்தாலே ஊழியர்களுக்கு உயர்ந்த பாதுகாப்பைக் கொடுத்துடணும்னு. இதைச் சொல்லி பதிமூணு வருஷம் ஆனப்புறம் கோவிட் வந்துச்சு, என்ன நடந்துச்சு? 2020 மார்ச்ல உலக சுகாதார நிறுவனம் இது காத்துல பரவறது இல்லைன்னு அறிவிச்சாங்க. இன்டியூபேஷன் (தொண்டையில ட்யூப் விடறது), என்ஐவி (மாஸ்க் வழியா மெஷின்ல மூச்சு கொடுக்கறது), சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கறது) மாதிரி ஏரோசால், அதாவது காத்துல மிதக்கற நுண்துளி கிளம்பற வேலைக்கு மட்டும் என்95, மத்தபடி சர்ஜிகல் மாஸ்க் போதும்னு இருந்துச்சு. ஜூலைல 239 விஞ்ஞானிகள் சேர்ந்து காத்து வழி பரவறதைக் கவனிங்கன்னு கடிதம் எழுதினாங்க. 2021 ஏப்ரல் கடைசியிலதான் உலக சுகாதார நிறுவனம் தன் கேள்வி பதில் பக்கத்துல இதைத் தெளிவா சேர்த்துச்சு. ஸோ, உங்க தங்கச்சி வார்டுல இருமிட்டே இருக்கிற பேஷன்ட் பக்கத்துல பன்னெண்டு மணி நேரம் சர்ஜிகல் மாஸ்க்கோட நின்னிருந்தா, அவங்க அன்னிக்கு இருந்த ரூலை அப்படியே கடைப்பிடிச்சாங்க. ரூலே பின்னால வந்துட்டிருந்துச்சு.

இப்ப மாஸ்க். என்95ன்னா 0.3 மைக்ரான் அளவு துகள்ல குறைஞ்சது 95 சதவீதத்தை வடிகட்டணும், அந்த 'என்' எண்ணெய்ப் புகைக்குத் தாங்காதுங்கறதுக்கு. பலபேர் இதை சல்லடை மாதிரி நினைக்கறாங்க, ஓட்டை சின்னது அதனால வைரஸ் மாட்டிக்குதுன்னு. அப்படி இல்லீங்க. உள்ள இருக்கிற பாலிப்ரோப்பிலீன் இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்து வெச்சிருக்காங்க, சீப்பை தலையில தேய்ச்சா பேப்பர் துண்டு ஒட்டிக்குமே அதே மாதிரி, சின்னத் துகளை அது இழுத்துப் பிடிச்சுக்கும். அதனாலதான் மாஸ்க் மேல ஸ்பிரிட் அடிக்கக்கூடாது, சோப்புல துவைக்கக்கூடாதுன்னு தலையால அடிச்சுக்கறோம், அந்த சார்ஜ் போயிடும், பார்க்க மாஸ்க் அப்படியே இருக்கும், வேலை செய்யாது. தட்டுப்பாடு நேரத்துல பயத்துல ஹேண்ட் சானிடைசரை மாஸ்க் மேல ஸ்ப்ரே பண்ணிக்கிட்ட ஸ்டாஃபை நானே தடுத்திருக்கேன், பாவம், யாரும் அவங்களுக்கு சொல்லல.

ஆனா ஃபில்டரை விட முக்கியம் ஓரம். முகத்தோட ஓரத்துல சின்ன இடைவெளி இருந்தாலும் காத்து ஃபில்டர் வழியா கஷ்டப்பட்டு வராது, அந்த சந்து வழியா சுலபமா வந்துடும். அதுக்குத்தான் ஃபிட் டெஸ்ட். தலைக்கு மேல ஒரு ஹூடை மாட்டி, உள்ள சாக்கரின் இனிப்போ ஒரு கசப்பு மருந்தோ ஸ்ப்ரே பண்ணி, தலையை இடது வலது திருப்பு, மேல கீழ பாரு, சத்தமா பேசு, குனின்னு சொல்வோம். நாக்குல ருசி தெரிஞ்சுதுன்னா அந்த மாஸ்க் உனக்கில்ல, வேற மாடல் எடு. இதை ஆளாளுக்கு, மாடலாமாடலுக்கு பண்ணணும். அது போக ஒவ்வொரு தடவை போடும்போதும் ரெண்டு கையால மூடி ஊதிப் பார்த்து இழுத்துப் பார்க்கற சீல் செக். தாடி இருந்தா சீல் ஆகவே ஆகாது. கோவிட் டைம்ல பெரும்பாலான இடத்துல ஃபிட் டெஸ்ட்டே நடக்கல, எந்த மாடல் வந்துச்சோ அதை எடுத்து நீட்டினாங்க, திங்கட்கிழமை ஒண்ணு புதன்கிழமை வேற.

இதுல பெண்களுக்கு இன்னும் அநியாயம். உலகத்துல நர்ஸுங்கள்ல பத்துல ஒன்பது பேர் பெண்கள். ஆனா 1970கள்ல மாஸ்க் டெஸ்ட்டுக்கு வெச்ச முக அளவு அமெரிக்க விமானப்படை ஆட்களை அளந்து எடுத்தது, பிற்பாடு மாத்தினாங்க, இருந்தாலும் பெரிய சைஸ் மாஸ்க்கும் பெரிய சைஸ் கவுனும்தான் ஸ்டோர்ல குவிஞ்சு கிடக்கும். சின்ன முகம் உள்ள பொண்ணு பட்டையில முடிச்சு போட்டு இறுக்கிக்கும், கன்னத்துல வெட்டின மாதிரி தடம் விழும், அப்படியும் மூக்கு பக்கம் லீக் ஆகும். காகிள்ஸ்ல ஆவி படியுதுன்னா மேல் ஓரம் லீக் ஆகுதான்னு முதல்ல பாருங்கன்னு நான் எப்பவும் சொல்வேன், பலர் அதை காகிள்ஸோட குறைன்னு விட்டுடுவாங்க.

ஒரே மாஸ்க்கை நாள்கணக்கா வெச்சுக்கிட்ட கதையும் உண்டு. பேப்பர் கவர்ல பேரெழுதி வெச்சு மறுநாள் எடுத்துப் போட்டுக்கறது. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு: கழட்டாம தொடர்ந்து ஒரே மாஸ்க்கோட பல பேஷன்டைப் பார்க்கறது, கழட்டிக் கழட்டித் திரும்பப் போடறதை விட பரவாயில்ல, ஏன்னா தொடறது குறையுது. திரும்பப் போட்டே ஆகணும்னா சிடிசி சொன்ன வரம்பு அஞ்சு தடவை, அதுக்கு மேல பட்டை தளர்ந்து சீல் போயிடும். இதெல்லாம் கதியில்லாத நேரத்துக்கான ஏற்பாடு, நல்ல வழி இல்ல. தட்டுப்பாடு நிஜம்தான், மறுக்கல, 2020 மார்ச்ல உலக சுகாதார நிறுவனம் மாசத்துக்கு 8 கோடியே 90 லட்சம் மெடிக்கல் மாஸ்க், 7 கோடியே 60 லட்சம் எக்ஸாமினேஷன் க்ளவுஸ் தேவைப்படும், உற்பத்தியை 40 சதவீதம் ஏத்துங்கன்னு கேட்டுச்சு. ஆனா தட்டுப்பாடுன்னு ஸ்டாஃப்கிட்ட நேரா சொல்லிட்டு பாதுகாப்பைக் குறைச்சது வேற, "இது போதும்மா, பயப்படாத"ன்னு சொல்லிட்டு பின்னால தொற்று வந்ததும் "நீதான் தப்பு"ன்னது வேற. எனக்குக் கோபம் வர்றது ரெண்டாவதுலதான்.

உடம்பைப் பத்தி பேசாம இதை முடிக்க முடியாது. கிட்டுக்குள்ள காத்தே போகாது. வேர்வை முதுகுல ஓடி பூட்ஸுக்குள்ள தேங்கும், நடந்தா சளக் சளக்னு கேக்கும். பாத்ரூம் போகணும்னா கிட்டைக் கழட்டணும், கழட்டினா புதுசு கிடைக்குமான்னு தெரியாது, அதனால டியூட்டிக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் தண்ணியே குடிக்காம வர்றவங்க, அடல்ட் டயப்பர் கட்டிக்கிட்டு வர்றவங்க, பீரியட்ஸ் டைம்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறவங்க. யூரினரி இன்ஃபெக்‌ஷன், தலைவலி, மயக்கம், எல்லாம் சகஜம். சீனாவுல ஹூபெய்ல முன்வரிசையில இருந்த 542 ஊழியர்களைக் கேட்டப்ப 97 சதவீதம் பேருக்கு தோல் பாதிச்சிருந்துச்சு, அதிகமா அடிவாங்கினது மூக்குத்தண்டு. இதை அழகுப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. புண்ணு அரிக்கும், கை தன்னால மாஸ்க்குக்குப் போகும், மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தி விடுவாங்க, அந்தக் கணம் சீல் போச்சு. புண்ணு மேல டிரஸ்ஸிங் ஒட்டிக்கிட்டு மாஸ்க் போடலாம், ஆனா மெல்லிசா இருக்கணும், போட்டப்புறம் சீல் செக் பண்ணணும், தடியா பஞ்சு வெச்சா ஓரம் தூக்கிக்கும். ஒரு ஷிஃப்ட்ல கிட்டுக்குள்ள எத்தனை மணி நேரம்னு எழுதி வெச்சு, நேரமானதும் ஆளை மாத்தி வெளிய கூப்பிட்ட வார்டும் உண்டு, ஆள் இல்லைன்னு பன்னெண்டு மணி நேரம் விட்ட வார்டும் உண்டு. எங்க தப்பு நடக்க வாய்ப்பு அதிகம்னு தனியா சொல்லணுமா?

அந்தக் கோலத்துல வேலையும் செய்யணும்ல. காகிள்ஸ் பனி படிஞ்சு வெளிய ஒரே வெள்ளை, உள்ள ரெண்டு ஜோடி க்ளவுஸ், இந்தக் கையால வெயினைத் தடவிப் பார்த்து வென்ஃப்ளான் (மருந்து ஏத்தற ஊசிக்குழாய்) போடணும். ரெண்டு ஜோடி போட்டா கழட்டறப்ப ஒரு அடுக்கு உதவும், சரிதான், ஆனா பயத்துல மூணு ஜோடி போட்டுக்கிட்டு வெயின் கிடைக்காம நாலு தடவை குத்தினா, ஊசி நம்ம கையில ஏறற ஆபத்தும் கூடுது, பேஷன்ட்டுக்கும் கொடுமை. பேசறது கேக்காது, கத்தணும். பேஷன்ட்டுக்கு நம்ம முகம் தெரியாது, மூச்சு முட்டிட்டு படுத்திருக்கிறவருக்கு வெள்ளையா ஏதோ உருவம் வந்து போகுது. 2015ல லைபீரியாவுல எபோலா வார்டுல மேரி பெத் ஹெஃபர்னன்னு ஒரு கலைஞர் ஊழியர்களோட சிரிச்ச ஃபோட்டோவை பெரிய ஸ்டிக்கரா அடிச்சு கிட்டோட நெஞ்சுல ஒட்ட வெச்சாங்க, கோவிட்லயும் சில இடத்துல அதைச் செஞ்சாங்க. எங்க வார்டுல அது கூட இல்ல, மார்க்கர்ல பேரை எழுதி பக்கத்துல ஒரு பூ வரைஞ்சு விடுவோம். ஒரு அம்மா டிஸ்சார்ஜ் ஆகும்போது என் பேர் சொல்லாம "பூ போட்ட பொண்ணு எங்க"ன்னு தேடினாங்க.

இன்னொரு இடம், கோட் ப்ளூ, அதாவது பேஷன்ட்டுக்கு இதயமோ மூச்சோ நின்னு எல்லாரையும் கூப்பிடற அவசரம். மானிட்டர் கத்துது, உள்ள பேஷன்ட் போயிட்டிருக்கார், வெளிய நின்ன நர்ஸ் என்ன பண்ணுவாங்க? ஓடுவாங்க. நம்மளை அப்படித்தான் வளர்த்திருக்காங்க. ஆனா சிபிஆர் பண்ணும்போது ஏரோசால் கிளம்பும், அங்கதான் முழு பாதுகாப்பு வேணும். "முதல்ல உன் கிட், அப்புறம்தான் பேஷன்ட்"னு சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது என் வேலையிலயே எனக்கு மனசு வலிச்ச பாடம். அந்த ரெண்டு நிமிஷம் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே ஜிப் போட்டவங்களுக்கு அது மறக்காது. அவசரத்துல அரைகுறையா போட்டுட்டு ஓடினவங்களை நான் ஒரு நாளும் திட்டினதில்ல. அதுக்கு சரியான ஏற்பாடு, ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் ஒரு டீம் முன்கூட்டியே கிட் போட்டு ரெடியா உள்ள இருக்கணும், அப்ப யாரும் வெளியிலேர்ந்து ஓட வேண்டியதில்ல.

அப்புறம், எல்லாரும் மறக்கற இடம் ரெஸ்ட் ரூம். உள்ள அவ்ளோ கட்டுப்பாடா இருந்துட்டு வெளிய வந்து சின்ன ரூம்ல, ஜன்னல் மூடி, ஏசி போட்டு, ஆறு பேர் மாஸ்க்கை இறக்கிட்டு சாப்பிடுவாங்க. அதுல ஒருத்தருக்கு அறிகுறி இல்லாம தொற்று இருந்தா போதும். உங்க தங்கச்சிக்கு பேஷன்ட்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு கூட உறுதியா சொல்ல முடியாது. அங்கயும் குத்தம் சாப்பிட்டவங்க மேல இல்ல, பன்னெண்டு மணி நேர டியூட்டில சாப்பிடாம இருக்க முடியுமா, காத்தோட்டமான இடம் கொடுத்திருக்கணும், பிரேக்கை பிரிச்சு விட்டிருக்கணும். டியூட்டி முடிஞ்சதும் ஆள் மேல மருந்து அடிச்ச கூத்து வேற, அதை உலக சுகாதார நிறுவனமே செய்யாதீங்கன்னு 2020 மே மாசம் சொல்லிடுச்சு, கண்ணும் தோலும் எரியும், தொற்று உள்ளவர் பரப்பறதை அது தடுக்காது.

2020 மொத்தமும் நர்ஸுகள் ஆண்டுன்னு அறிவிச்சிருந்தாங்க, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருஷம். அந்த வருஷம் அக்டோபர் முடியறதுக்குள்ள 44 நாட்டுலேர்ந்து கிடைச்ச கணக்குப்படியே 1,500 நர்ஸுங்க செத்துட்டாங்கன்னு சர்வதேச செவிலியர் கவுன்சில் சொல்லிச்சு. 2021 மே வரைக்கும் எல்லா சுகாதார ஊழியரையும் சேர்த்து சுமார் 1,15,500 பேர்னு உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீடு. இத்தனை பேருமா கிட் போடத் தெரியாதவங்க?

தங்கச்சி இப்பவும் வேலையில இருக்காங்கன்னு நினைக்கறேன். அடுத்து இப்படி ஒண்ணு வந்து அவங்களை உள்ள அனுப்பினா, கிட் இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு போக வேண்டாம்னு சொல்லுங்க. என் முகத்துக்கு எந்த மாடல் பாஸ் ஆச்சுன்னு எழுதிக் கொடுங்கன்னு கேக்கணும். போடற ரூமும் கழட்டற ரூமும் தனித்தனியான்னு பார்க்கணும். எத்தனை மணி நேரத்துல மாத்தி விடுவீங்கன்னு கேக்கணும். கழட்டும்போது பக்கத்துல நின்னு வாய்விட்டுப் படிக்க யார்னு பேர் கேட்டு வாங்கணும், ஆள் இல்லைன்னா கூட வேலை பாக்கற இன்னொரு சிஸ்டரை ஜோடி சேர்த்துக்கணும், நீ கழட்டும்போது நான் பாக்கறேன், நான் கழட்டும்போது நீ பாருன்னு. கழட்டற ரூம் சுவத்துல ஸ்டெப் எழுதின பெரிய போஸ்டரும், பக்கத்துல ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடியும் வேணும்னு இன்சார்ஜ்கிட்ட விடாம கேக்கச் சொல்லுங்க. நான் நாலு தடவை எழுதிக் கேட்டு அஞ்சாவது தடவைதான் எங்களுக்கு அந்தக் கண்ணாடி வந்துச்சு, வந்த அன்னிக்கு நைட்டே ஒரு பொண்ணு முகத்துக்குப் போன தன் கையை அதுல பார்த்துட்டு பாதி வழியில நிறுத்திச்சு.